லீவு முடிந்து மில்லுக்குப் போகும் நாளில் நெஞ்சு அடைக்கிறதா? பஞ்சு நோயும் இழப்பீடும்: கேள்வி – பதில்

பஞ்சாலை வேலையால் வரும் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்பது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எவ்வளவு கிடைக்கும்?' என்றே தொடங்குகின்றன. தொகைக்கு முன்னால் தீர வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நோய் பஞ்சு தூசியால்தான் வந்தது என்று எந்தக் காகிதம் சொல்கிறது? கேட்க வேண்டிய இடம் இ.எஸ்.ஐ.யா (தொழிலாளர் அரசுக் காப்பீடு), தொழிலாளர் ஆணையரா? ஆகவே அவற்றைப் பற்றிய கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 22 வருடமாக கார்டிங்கில் (பஞ்சைச் சீவும் பிரிவு) வேலை. மூன்று வருடமாக மூச்சு வாங்குகிறது. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்கிறார், இன்னொருவர் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) என்கிறார். மில்லால் வந்ததுதான் என்று எப்படிச் சொல்வது? — வாசகர், ராஜபாளையம்

பஞ்சு தூசியால் வரும் நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிசினோசிஸ். பஞ்சோடு வரும் இலைத்தூள், பூவடிச் செதிள், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. பேல் (பஞ்சுக் கட்டு) பிரிக்கும் மிக்சிங், பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் ஆகிய இடங்களில் தூசி அதிகம். சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போகப் போகக் குறையும்.

இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள், ஷிஃப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கும். மறுநாள் குறையும். வாரக் கடைசியில் ஒன்றுமே இருக்காது. மருத்துவப் புத்தகங்களில் 'திங்கட்கிழமை இறுக்கம்' என்று இருக்கும். நம் ஊர் மில்களில் லீவு ஆளுக்கு ஒரு கிழமை. டாக்டர் 'திங்கட்கிழமை அதிகமா இருக்கா?' என்று கேட்டால், செவ்வாய் லீவுக்காரர் 'இல்லை' என்றுதான் சொல்வார். அந்த 'இல்லை' சீட்டில் ஏறிவிட்டால் பின்னால் வழக்கில் உங்களுக்கே எதிராக நிற்கும். 'லீவு முடிந்து போகும் நாள்' என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஷில்லிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆராய்ந்து வகுத்த படிநிலைகளைத்தான் இன்றும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். லீவு முடிந்த முதல் நாள் எப்போதாவது இறுக்கம் என்றால் அரைப் படி. ஒவ்வொரு வாரமும் முதல் நாள் தவறாமல் வந்தால் ஒன்று. மற்ற நாட்களிலும் வந்தால் இரண்டு. மூச்சுத் திறன் நிரந்தரமாகவே குறைந்துவிட்டால் மூன்று. மூன்றாம் படியில் 'முதல் நாள்' அடையாளம் மங்கி எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் பார்க்கிற டாக்டருக்கு அது சி.ஓ.பி.டி. மாதிரியேதான் தெரியும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய டிஸ்பென்சரி சீட்டில் 'நெஞ்சு இறுக்கம்' என்று ஒரு வரி இருந்தால் அதன் மதிப்பு பெரிது. தேடி எடுங்கள்.

செய்ய வேண்டிய பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. முழுமூச்சு இழுத்துக் குழாயில் வேகமாக ஊதும் சோதனை இது. முதல் ஒரு விநாடியில் எத்தனை மில்லி லிட்டர் காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியமான எண். அதை எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு ஷிஃப்டுக்குப் போகும் முன் ஒன்று, ஆறு மணி நேரம் வேலை பார்த்த பின் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 5% அல்லது 200 மி.லி. இறங்கினாலே கவனிக்க வேண்டிய வீழ்ச்சி என்று அமெரிக்கப் பஞ்சு தூசி விதி எடுத்துக்கொள்கிறது. லீவு நாளில் மட்டும் போய் ஊதிவிட்டு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வாங்கி வந்தால் அது எதையும் நிரூபிக்காது. சோதனைக்கு முன் பஃப் (இன்ஹேலர்) அடித்திருந்தாலும் எண் மாறிவிடும். எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். குறைந்தது மூன்று ஊதலாவது சரியாக அமைய வேண்டும். அரைகுறையாக ஊதினால் 'ஒத்துழைப்பு போதவில்லை' என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள். மில்காரர்களின் வக்கீல் முதலில் கைவைக்கும் வரி அதுதான்.

ஷிஃப்ட் முடிந்து லேப் திறந்திருக்காது என்ற சிக்கல் உண்மையானது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற கைக்கருவி மெடிக்கல் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. நான்கு வாரம், லீவு நாளையும் சேர்த்து, வேலைக்கு முன், வேலைக்குப் பின், தூங்கும் முன் என மூன்று வேளை ஊதுங்கள். ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை ஊதி, அதிகமான எண்ணைத் தேதி போட்டு எழுதுங்கள். ஸ்பைரோமெட்ரிக்கு அது மாற்றாகாது. ஆனால் அந்த நோட்டைப் பார்த்த டாக்டர் சோதனையை எந்த நாளில் வைப்பது என்று முடிவு செய்வார்.

கேள்வி: எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, அதனால் தொழில் நோய் இல்லை என்கிறார்கள். நான் பீடியும் குடிப்பேன். போச்சா? — ப்ளோ ரூம் தொழிலாளி, கோவில்பட்டி

போகவில்லை. கல் குவாரிக்காரர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் தெரியும். பஞ்சு நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. காசநோய் போன்றவை இல்லை என்று காட்டத்தான் எக்ஸ்ரே உதவும். சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாமலே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் அந்தச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். மாத்திரைக்கு மூச்சிரைப்பு அடங்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பீடியை மறைக்காதீர்கள். பஞ்சு தூசியும் புகையும் சேர்ந்தால் சேதம் கூடும், ஆனால் குடிப்பவருக்கு இழப்பீடு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. லீவு முடிந்த முதல் நாளில் ஏறி வாரக் கடைசியில் இறங்கும் இறுக்கத்தைப் பீடியால் விளக்க முடியாது, அதை எல்லா நாளும்தானே குடிக்கிறீர்கள்! மறைத்து வைத்துக் குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால், மற்றபடி நீங்கள் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பெண் தொழிலாளர்களிடம் இதே வாதம் விறகடுப்புப் புகை என்ற பெயரில் வரும். பதில் அதேதான்.

கேள்வி: எனக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. யாரிடம் போய் என்ன கேட்பது? டிஸ்பென்சரியில் கேட்டால் 'அதெல்லாம் விபத்துக்குத்தான்' என்கிறார்கள். — வாசகர், திண்டுக்கல்

விபத்துக்கு மட்டும் அல்ல. இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பஞ்சு, சணல் வகைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. 52ஏ பிரிவின்படி அதை வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக் காயத்துக்கு 'இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையும் கிடையாது.

முதலில் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். டிஸ்பென்சரி மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இன்ஷூரன்ஸ் நம்பர், எந்த ஆண்டிலிருந்து எந்த டிபார்ட்மென்டில் வேலை, லீவுக்குப் பின் முதல் நாள் இறுக்கம் எப்போது தொடங்கியது என்பதை எழுதி, 'தொழில் நோய் என்ற கோணத்தில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுகிறேன்' என்று முடியுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு நகலை இ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கிருந்து மார்புநோய்ப் பிரிவு உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தென்மாநிலங்களுக்கான தொழில்நோய் மையம் சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. வளாகத்தில் இருக்கிறது. இது தொழில் நோய்தானா என்று தீர்ப்புச் சொல்வது சாதாரண மருத்துவ வாரியம் அல்ல. சிறப்பு மருத்துவ வாரியம் என்று தனியே உண்டு. கை விரல் போனவர்களுக்கான வாரியத்தில் உங்களை உட்கார வைத்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

வாரியத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: டிபார்ட்மென்ட் வாரியாக வேலை வரலாறு, ஷிஃப்டுக்கு முன்–பின் எடுத்த ஸ்பைரோமெட்ரி, பழைய சீட்டுகள், பீக் ஃப்ளோ நோட்டு. வாரியம் பார்க்கிற நேரம் சில நிமிடம்தான். வேலை வரலாற்றை ஒரே தாளில், ஆண்டு வரிசையில் எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள். கட்டாகக் கொடுத்தால் புரட்டுவதோடு சரி.

சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று வாரியம் சொல்லும். நாள் சம்பளச் சராசரி 600 ரூபாய் என்றும், திறன் இழப்பு 30% என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 600இல் 90% (இதுதான் முழு வீதம்) என்றால் 540, அதில் 30% என்றால் 162. நாளொன்றுக்கு 162 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 4,860, ஆயுள் முழுக்க. வேறு வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. சதவீதம் குறைவு என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நேராக இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கும் போகலாம்.

வாரியம் கூடும்வரை வேலைக்குப் போக முடியாமல் இருந்தால்? அதுவரை நோய் விடுப்புப் பணம் இருக்கிறது. வழக்கமானது 70% சம்பளம், 91 நாள். சி.ஓ.பி.டி.யோடு அதனால் வரும் இதயச் செயலிழப்பும் சேர்ந்து சீட்டில் இருந்தால் நீண்டகால நோய்ப் பட்டியலில் வரும். இரண்டு வருடத் தொடர் வேலையும் நான்கு சந்தாக் காலத்தில் (ஒரு காலம் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் இருந்தால், 80% வீதத்தில் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீட்டித்த நோய்ப் பணம் கிடைக்கத் தொடங்கியதும் பலர் தொழில் நோய் மனுவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பணம் நிற்கும்போது மில்லிலும் பெயர் இருக்காது, ஷிஃப்ட் சோதனை செய்யவும் வழி இருக்காது. இரண்டு மனுவையும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

கேள்வி: இ.எஸ்.ஐ.யில் கொஞ்சமாகத் தருவார்கள், மில் மேல் தனியாகக் கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். — வாசகர், கோவை

இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்பதை இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. 1996இல் ட்ரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அப்படிப் போட்ட மனு முதல் கட்டத்திலேயே விழும், அதற்குள் நாளும் போயிருக்கும். புரோக்கருக்கு முன்பணம் மட்டும் கிடைத்திருக்கும்.

கேள்வி: ஓ.இ. (ஓப்பன் எண்ட் நூற்பு) மில்லில் கான்ட்ராக்டர் மூலம் ஏழு வருடம் வேலை. கழிவுப் பஞ்சுதான் ஓடும், தூசி சொல்ல முடியாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்ததே இல்லை. 60 பேர் வேலை செய்கிறோம். — வாசகி, வெள்ளகோவில்

சட்டத்தின் சொல்லைக் கவனியுங்கள்: சந்தா 'கட்டப்பட்ட' ஆள் மட்டுமல்ல, 'கட்ட வேண்டியிருந்த' ஆளும் காப்பீட்டாளர்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வர வேண்டியவர். கான்ட்ராக்டர் ஆளுக்கும் சேர்த்துச் சந்தா கட்ட வேண்டிய பொறுப்பு மில்லுக்கு. கட்டாமல் விட்டிருந்தால் இ.எஸ்.ஐ. உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு மில்லிடம் வசூல் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நடைமுறையில் தடை இது இல்லை, நீங்கள் அங்கே வேலை பார்த்ததை நிரூபிப்பதுதான். வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டியவை: சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், மில் பஸ் அல்லது விடுதி அட்டை, கேட் பாஸ், டோக்கன், மேஸ்திரி அனுப்பிய ஷிஃப்ட் வாட்ஸ்அப், தீபாவளி போனஸ் கவர். கையில் காசாகச் சம்பளம் வாங்கியவர்களுக்குச் சக தொழிலாளி இருவரின் வாக்குமூலம் வேண்டும். இவற்றை வைத்து இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் ஆய்வுக்குப் போவார்கள். புகார் கொடுத்துவிட்டுச் சான்று தேடினால் மறுநாளே கேட்டில் நிறுத்திவிடுவார்கள். வரிசை முக்கியம்.

கேள்வி: ஜின்னிங் (பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும்) ஃபேக்டரியில் 14 சீசன் வேலை பார்த்தவர் என் அப்பா, வயது 50. மாதச் சம்பளம் 14,000. இ.எஸ்.ஐ. கிடையாது என்று முதலாளி சொல்வது சரியா? — வாசகர், தேனி

இந்த ஒரு விஷயத்தில் முதலாளி சொல்வது சரி. பருத்தி ஜின்னிங்கும் பேல் கட்டுவதும் மட்டுமே செய்யும் இடம் சட்டப்படி 'பருவகால ஃபேக்டரி'. இ.எஸ்.ஐ. அதற்குப் பொருந்தாது. தூசி மிகுந்த வேலைக்குக் காப்பீடு இல்லை என்பது விசித்திரம்தான். அதனால் உங்கள் அப்பா போக வேண்டிய இடம் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் அலுவலகம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் இந்தப் பொறுப்பில் இருப்பார். பத்துப் பேருக்குக் கீழே ஆள் வைத்திருக்கும் சிறு விசைத்தறிக் கூடத்துக்காரர்களுக்கும், சம்பளம் 21,000ஐத் தாண்டி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியேறிய ஃபிட்டர், மேஸ்திரிகளுக்கும் வழி இதுவே.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை, சி பகுதியில் இந்த நோய் இருக்கிறது. சி பகுதி நோய்க்கு, மத்திய அரசு குறிப்பிட்ட காலம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். அது ஒரே முதலாளியிடம் என்று இல்லை, பலரிடம் பார்த்ததையும் கூட்டலாம். அப்படிக் கூட்டும்போது எல்லா முதலாளிகளும் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு என்று ஆணையர் பிரிப்பார். ஆகவே 14 சீசனும் எந்தெந்த ஃபேக்டரி என்று பட்டியல் போட்டு, எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கடைசி முதலாளியை மட்டும் சேர்த்தால், 'என்னிடம் இரண்டு சீசன்தானே' என்று அவர் கைகழுவுவார்.

கணக்கு இப்படி வரும். முழுமையான நிரந்தர இயலாமைக்குச் சம்பளத்தின் 60%, அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 14,000இல் 60% என்றால் 8,400. வயது 50க்குக் காரணி 153.09. பெருக்கினால் 12,85,956 ரூபாய். இழப்பு 40% என்று டாக்டர் சான்று தந்தால் 5,14,382 ரூபாய். சம்பளம் 15,000க்கு மேல் இருந்தாலும் கணக்குக்கு 15,000தான் எடுப்பார்கள். 2020 ஜனவரி 3இலிருந்து இதுதான் உச்சவரம்பு. சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவும் தனியே உண்டு, மெடிக்கல் கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்தில் கொடுக்காவிட்டால் 12% வட்டி. தாமதத்துக்குக் காரணமே இல்லை என்றால் 50% வரை அபராதமும் ஆணையர் போடலாம்.

இந்த வகை மனுக்கள் விழுவது டாக்டர் சான்றில்தான். கை, கால், கண் இழப்புக்குச் சட்டத்திலேயே சதவீதப் பட்டியல் இருக்கிறது. நுரையீரலுக்கு இல்லை. எனவே தகுதியுள்ள மருத்துவர் 'சம்பாதிக்கும் திறன் இழப்பு' இத்தனை சதவீதம் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சான்றில் இருப்பதோ 'நுரையீரல் திறன் 48%' என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல. மூட்டை தூக்குபவருக்கு நுரையீரல் பாதி போனால் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். உட்கார்ந்து எழுதுபவருக்கு அப்படி இல்லை. சான்றில் அவர் பார்த்த வேலை, இனி எந்தெந்த வேலை செய்ய முடியாது, அதனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் என்று மூன்றும் வர வேண்டும். அந்த டாக்டர் சாட்சி சொல்ல வர மாட்டார் என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே சம்மன் கேட்டு மனுப் போடுங்கள். டாக்டர் வராத ஒரே காரணத்தால் சதவீதம் பாதியாகக் குறைந்த மனுக்கள் உண்டு.

மனுவை ஃபேக்டரி இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. அப்பா குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமும் போடலாம்.

கேள்வி: வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மில்லை மூடிவிட்டார்கள். இப்போதுதான் டாக்டர் பஞ்சு நோய் என்று எழுதினார். காலம் கடந்துவிட்டதா? — வாசகர், அருப்புக்கோட்டை

ஆணையரிடம் போக வேண்டியவர் நீங்கள் என்றால், விபத்துக்குப் போல இரண்டு வருடம்தான் கெடு. ஆனால் நோய்க்கு அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்குத் தனி விதி இருக்கிறது. நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாள்தான் 'விபத்து நாள்'. வேலையை விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி வெளிப்பட்டால், அறிகுறி முதலில் கண்டறியப்பட்ட நாளே விபத்து நாள். உங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது. டாக்டர் சீட்டில் இருக்கும் தேதிதான் உங்கள் தொடக்கம், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அதையும் தாண்டிவிட்டவர்கள் தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாம். காசநோய் என்று தவறாகச் சிகிச்சை நடந்தது என்பது சொல்லத்தக்க காரணம். இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கு மூன்று வருடக் கெடு.

மில் மூடினாலும் சர்வீஸ் பதிவு முழுதாக அழியாது. யு.ஏ.என். நம்பர் இருந்தால் பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரி எடுக்கலாம். பழைய ஆட்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பி.எஃப். அலுவலகத்திலும் இ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் சந்தா விவரம் கேட்கலாம். ஆனால் இவை 'அந்த மில்லில் இருந்தார்' என்று மட்டும்தான் சொல்லும், 'கார்டிங்கில் இருந்தார்' என்று சொல்லாது. டிபார்ட்மென்டைக் காட்ட கிராஜுவிட்டிக் காகிதம், பிரமோஷன் ஆர்டர், சஸ்பென்ஷன் ஆர்டர், சங்கத்தின் ஒப்பந்தப் பட்டியல் எதுவானாலும் உதவும். ஆம், பழைய மெமோகூட! 'ப்ளோ ரூமில் தூங்கியதாக' மில் கொடுத்த மெமோவைவிட, நீங்கள் ப்ளோ ரூமில் இருந்தீர்கள் என்பதற்கு நல்ல சான்று வேறு எது?

தூசி அளவும் கேட்டுப் பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பஞ்சு தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. கண்ணில் படும் பஞ்சிழை இந்தக் கணக்கில் சேராது, நுரையீரலுக்குள் போகும் நுண்தூசி மட்டுமே. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் அந்த மில்லின் ஆய்வறிக்கையைத் தகவல் உரிமையில் கேட்கலாம். அளவே எடுக்கவில்லை என்று பதில் வந்தால், அதையும் மனுவோடு இணையுங்கள்.

கேள்வி: 75,000 ரூபாய் தருகிறோம், 'இனி எந்த உரிமையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார்கள். — வாசகர், உடுமலைப்பேட்டை

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசம் செய்வது தவறில்லை, ஆனால் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். அதனால்தான் பதிவு வேண்டாம் என்கிறார்கள். பணத்தை வாங்குவதானால் 'சிகிச்சைக்கு முன்பணம்' என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். 'ராஜினாமா' என்ற சொல் அந்தத் தாளில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் மூன்றாவது பத்தியில் இருக்கும்.

கேள்வி: என் கணவர் கார்டிங் ஃபிட்டர். மூச்சுத்திணறலில் இறந்தார். இறப்புச் சான்றில் 'மாரடைப்பு' என்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. உண்டு. இரண்டு பிள்ளைகள். — வாசகி, விருதுநகர்

நுரையீரல் கெட்டால் இதயத்தின் வலப்பக்கம் பாரம் தாங்காமல் விரிந்து தோற்கும். கடைசியில் நிற்பது இதயம்தான், காரணம் நுரையீரல். கடைசியாகப் பார்த்த மருத்துவமனையின் கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் வலப்பக்க இதயம் பற்றிய வரி இருந்தால், அதை வைத்து மார்புநோய் நிபுணரிடம் எழுத்துப்பூர்வமான கருத்து வாங்கலாம். கணவர் உயிரோடு இருந்தபோதே தொழில் நோய் என்று வாரியம் ஏற்றிருந்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

சார்ந்தோர் பலன் சராசரிச் சம்பளத்தின் 90%. அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு. உங்கள் வீட்டில் கூட்டினால் ஐந்தில் ஏழு ஆகிறது. ஆகவே ஒவ்வொருவர் பங்கும் அதே விகிதத்தில் குறைந்து, மொத்தம் முழு வீதத்தைத் தாண்டாமல் வரும். மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை.

கேள்வி: பழைய சட்டம் எல்லாம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய நம்பரில் மனுப் போட்டால் தள்ளுபடி ஆகும் என்கிறார்களே? — வாசகர், பல்லடம்

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் அதற்குள் போய்விட்டன. தொழில் நோய்ப் பட்டியல் அங்கேயும் மூன்றாம் அட்டவணைதான். அந்தத் தேதிக்கு முன்பே நோய் கண்டு உரிமை உண்டாகியிருந்தால் அது அழிந்துவிடாது. மேலே பழைய பிரிவு எண்களைக் கொடுத்திருப்பதற்குக் காரணம், அலுவலகங்களிலும் வக்கீல்களிடமும் அவைதான் இன்னும் புழங்குகின்றன. மனுவில் எந்தப் பிரிவு என்பதை வக்கீலோ சங்கமோ நோயின் தேதியைப் பார்த்து எழுதட்டும். பிரிவு எண் தவறினால் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது டாக்டர் சீட்டில் ஏறிய வேலை வரலாறு.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். எனக்கும் மூச்சு வாங்குகிறது, இதே மனுப் போடலாமா? — வாசகி, திருப்பூர்

தைக்கும் இடத்துக்கு வரும் துணி ஏற்கெனவே பலமுறை தண்ணீரில் அலசி வந்தது. பஞ்சு நோயை உண்டாக்கும் தூசி அதில் மிகக் குறைவு. இதற்கு முன் ஸ்பின்னிங் மில்லில் இருந்திருந்தால் அந்த ஆண்டுகளை டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் ஆஸ்துமாவா, ரத்தசோகையா, தைராய்டா என்று பார்த்துவிடுங்கள்.